விறகு வைக்க ஓரிடம்

கார்த்திகைத் தீபத்தைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் நெய்யிலிருந்தே தொடங்குகிறார்கள். அண்ணாமலையின் உச்சிக்கு ஏற்றிச் செல்லப்படும் செப்புக் கொப்பரை, 3500 கிலோவும் அதற்கு மேலும் ஆகும் நெய், 1000 மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரி, பதினோரு இரவுகள் எரியும் சுடர் எனக் கணக்கு வளர்ந்துகொண்டே போகும். மலையுச்சியில் எரிவதைப் பற்றி இவ்வளவு தெரிந்த நமக்கு, அதே நாளில் அடிவாரத்தில் எரிந்ததைப் பற்றி ஏதும் தெரியாது. திருவிழாவுக்கு வந்த திரளுக்கெல்லாம் சத்திரங்களிலும் மடங்களிலும் வீடுகளிலும் சோறு வடித்தாக வேண்டும். அந்த அடுப்புகளுக்கான விறகு எங்கிருந்து வந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது என்று ஆராய்ந்த கட்டுரை எதையும் நாங்கள் படித்ததில்லை.

இக்கேள்வியின் கூர்மை, திருவிழாவின் மாதத்தில் இருக்கிறது. கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத மாதம். ஆவணி, புரட்டாசியிலும் இவ்வூரில் மழையுண்டு. ஆக, ஊரில் மிக அதிகமாக அடுப்பெரிய வேண்டிய வேளை, விறகு மிக அதிகமாக நனைந்திருக்கும் வேளையாகவும் அமைந்துவிடுகிறது. தையிலிருந்து வைகாசி வரையிலான வெயிலில் உலர்ந்த விறகை, ஆனி ஆடிக்குள் வாங்கி, நனையாமல் கார்த்திகை வரை காப்பாற்றியவனுக்கே திருவிழாவில் கவலையின்றி உலை கொதித்தது. விறகின் வரலாற்றை வெட்டுவதிலிருந்து எழுதுவது வழக்கம். வைப்பதிலிருந்து எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

திருவண்ணாமலையின் மாட வீதிகளுக்கு அப்பால், பழைய தெரு ஒன்றில் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்க நேர்ந்தது. திண்ணை, ரேழி, முற்றம், அதற்கப்பால் அடுக்களை, பின்கட்டில் தொழுவம் என்ற வழக்கமான அமைப்புதான். அடுக்களையில் அடுப்புக்கு நேர் மேலே, கரியேறிக் கறுத்த பரண் ஒன்று இருந்தது. அது பாத்திரப் பரண் என்று எண்ணினோம். வீட்டு மூதாட்டி திருத்தினார்: "அது வெறகுப் பரண் தம்பி. கீழ எரியற வெறகு, மேல இருக்கிற வெறகக் காய வெக்கும்." அன்றன்றைக்கு வேண்டிய விறகைத் தொழுவத்தின் அடுக்கிலிருந்து எடுத்து இரண்டு நாள் முன்னதாகவே பரணில் ஏற்றிவிடுவார்களாம். புகையும் வெம்மையும் எஞ்சிய ஈரத்தை வாங்கிவிடும். புகை படிந்த கட்டையைப் பூச்சியும் அண்டாது.

அவர் சொன்ன விதிகள் பலவும் எழுதிவைக்கத் தக்கவை. அடுக்கின் அடியில் கல் பரப்ப வேண்டும், மண்ணில் வைத்தால் கறையான் ஏறும். ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் அடுக்கினால்தான் காற்று ஊடாடும். சுவரோடு ஒட்டி அடுக்கக்கூடாது, சுவரின் ஓதம் கட்டைக்கு வரும். புது விறகை முன்னால் வைத்துப் பழையதைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது. அந்தி சாய்ந்தபின் அடுக்குக்குள் கை விடவே கூடாது. தேள் அங்கேதான் குடியிருக்கும். வறட்டிக்குத் தனி மூலை. விறகு சற்று நனைந்தாலும் மறுபடி காயும், வறட்டி நனைந்தால் எருவாகிவிடும் என்பது அவர் கூற்று.

விறகு வாங்கியது எப்போது என்று கேட்டோம். மாசி, பங்குனியில் செங்கம் சாலை வழியே வரும் வண்டிகளில் ஒரு வண்டி, சில ஆண்டு இரண்டு வண்டி. மொத்தமாக எடுப்பதால் விலை நயம். வெயிற்காலச் சரக்காதலால் ஈரமும் குறைவு. தொழுவத்தில் இடமில்லாத அடுத்த தெருக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றதற்கு அவர் சற்று யோசித்து, "அவங்க தலக்கட்டு வாங்குவாங்க, அன்னன்னிக்கி" என்றார். இந்த ஒரு விடையில்தான் எங்களுக்கு இக்கட்டுரையின் கதவு திறந்தது.

அன்றன்றைக்கு வாங்குகிறவர் மழைநாளில் ஈர விறகைத்தான் வாங்க முடியும். அதன் விலையைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை நீர். நன்கு உலர்ந்த விறகில் 15 சதவீத அளவுக்கு நீர் எஞ்சும். நீரே இல்லாத மரத்தின் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 4400 கிலோ கலோரி. பத்துக் கிலோ விறகில் 40 சதவீதம் ஈரம் என்றால், நான்கு கிலோ நீரை விறகின் விலைக்கு வாங்கியிருக்கிறோம் என்று பொருள். எஞ்சிய ஆறு கிலோவும் முழுமையாகச் சோற்றுக்கு உதவாது. அந்த நான்கு கிலோ நீரை ஆவியாக்கி வெளியேற்றவே 2400 கிலோ கலோரி செலவாகும். உலர்ந்த பத்துக் கிலோவோடு ஒப்பிட்டால், அதே விலைக்கு மூன்றில் இரண்டு பங்கு வெப்பமே கிடைக்கிறது. புகையும் கண்ணெரிச்சலும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உலர்ந்த இடம் உள்ளவர் மலிவாக வாங்கி முழு நெருப்பையும் பெற்றார். இடமில்லாதவர் கூடுதல் விலை கொடுத்துப் பாதி நெருப்பும் பாதிப் புகையும் பெற்றார். வறுமையின் செலவுகளில் இது ஒன்று, கணக்கேட்டில் ஏறாத ஒன்று.

பழைய இலக்கியத்தில் விறகுக்குக் குறைவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் உண்டு. பாணபத்திரரின் பொருட்டு இறைவன் விறகுச் சுமையோடு மதுரைத் தெருக்களில் வந்து, மாலையில் ஏமநாதன் தங்கியிருந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து பாடிய கதை அது. 1965-ல் வந்த திரைப்படத்தால் அக்கதையை அறியாதவர் இல்லை. இசைப் போட்டியாகவே அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் விற்காத விறகுக் கட்டை இரவில் இறக்கி வைக்க, விறகுக்காரனாக வந்த இறைவனுக்கும் பிறர் வீட்டுத் திண்ணை வேண்டியிருந்தது என்பதை நாங்கள் அண்மையில்தான் கவனித்தோம்.

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு இலக்கியத்தில் இன்னும் நெருக்கமான சான்று மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன் நன்னன் சேய் நன்னனின் செங்கண்மா, இன்றைய செங்கம். அதில் வரும் நவிர மலையைப் பருவதமலை என்று ஆய்வாளர் கொள்வர். கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதாக அமைந்த அப்பாட்டில் காடு அடர்ந்திருக்கிறது, விலங்குகள் நிறைந்திருக்கின்றன, அருவிகள் ஒலிக்கின்றன. விறகுப் பஞ்சம் என்ற சொல்லுக்கே அங்கு இடமிருந்திராது. கவிஞர் மிகைப்படுத்தியிருக்கலாம். என்றாலும், செங்கம் சாலை வழியே விறகு வண்டி வந்துகொண்டிருந்த ஊரில் நின்று அப்பாட்டைப் படிக்கும்போது, வண்டிகள் எதைச் சுமந்து வந்தன என்பது விளங்கிவிடுகிறது.

கோயில்களின் பக்கம் வந்தால், சோழர் காலக் கல்வெட்டுகளில் அமுதுபடிக்கான பொருள்களின் பட்டியலில் அரிசி, நெய், பருப்பு, மிளகு, உப்பு ஆகியவற்றோடு விறகுக்கும் நெல் ஒதுக்கப்பட்டதைக் காண்கிறோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே இது உண்டு. விளக்குக்கு ஆடும் பசுவும் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் நின்றன. விறகு சுமந்தவர்களோ பட்டியலில் ஒரு செலவினமாக மட்டும் நின்றார்கள். அறுபத்துமூவருள் கணம்புல்லர் ஒருவர் விதிவிலக்கு. வறுமையுற்றபின் கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கி விளக்கேற்றியவர், புல் விலை போகாத நாளில் அப்புல்லையே திரித்து எரித்தார் என்பது அவர் வரலாறு. எரிபொருள் கைக்கு எட்டாத நிலையை நேராகச் சொல்லும் அடியார் கதை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்குப் புதியதொரு பசி வந்து சேர்ந்தது. 1856 சூலையில் சென்னை இராயபுரத்திலிருந்து ஆர்க்காடு நோக்கி, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. நிலக்கரி கடல் கடந்து வர வேண்டியிருந்த அக்காலத்தில் எஞ்சின்கள் விறகையே தின்றன. அதே 1856-ல் சென்னை மாகாணக் காடுகளின் பாதுகாவலராக அமர்ந்த ஹ்யூ கிளெக்ஹார்ன், 1861-ல் வெளியிட்ட நூலில் தென்னிந்தியக் காடுகள் வேகமாகக் குறைவதையும் இருப்புப் பாதையின் தேவையையும் குறித்துச் சென்றார். 1860களில் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டதற்கு இந்த எஞ்சின்களின் பசி ஒரு முக்கியக் காரணம். மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டுக்கு வந்துவிடும் சவுக்கு, நேராக வளர்வதால் அடுக்கவும் எளிது. நகரத்தின் விறகுத் தொட்டிகளில் பின்னாளில் அது அரசாண்டதற்கு அதன் சூட்டைப் போலவே அதன் வடிவமும் காரணம் என்று கருதுகிறோம். வளைந்த கட்டை வீட்டில் இடத்தை அடைக்கும்.

1882-ல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. காப்புக் காடு என்ற சொல் கிராமத்தாரின் வாழ்வில் நுழைந்தது. ஊர் எல்லைக்கு அப்பால் எவருக்கும் உரியதாக, அதனால் எல்லாருக்கும் உரியதாக இருந்த விறகு, சர்க்கார் சொத்தாயிற்று. விழுப்புரம், காட்பாடி இருப்புப் பாதையும் நூற்றாண்டின் இறுதிக்குள் திருவண்ணாமலையைத் தொட்டுவிட்டது. 1896 செப்டம்பர் முதல் நாள் மதுரையிலிருந்து வந்த பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, இவ்வூரில் இறங்கியது அந்தப் பாதையின் வண்டியிலிருந்துதான். பாதை வந்தபின் யாத்திரிகர் பெருகினர். யாத்திரிகர் பெருகியதால் அடுப்புகள் பெருகின. 1906-ல் தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ், திருவண்ணாமலை வட்டத்தையும் அதில் சேர்த்தே எழுதினார். அன்று இவ்வூர் தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. பின்னரே வடவார்க்காட்டுக்குப் போய், 1989-ல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

இனி அண்ணாமலைக்கே வருவோம். தலைக்கட்டு விறகு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஊரார் அனைவரும் ஒரே திசையில்தான் கை நீட்டுவார்கள். தொழுவமும் பரணும் இல்லாதவர்களுக்கு மலையே கிடங்காக இருந்தது. அன்றன்றைக்குப் போய் வேண்டியதை எடுத்துவரலாம். கூரை வேண்டாம், அடுக்க வேண்டாம், கறையானுக்கு அஞ்ச வேண்டாம். விற்கவும் அதுவே சரக்கு. காலையில் ஏறி, சுள்ளியும் முள்ளும் வெட்டிக் கட்டி, பிற்பகலில் தெருத்தெருவாகக் கூவி விற்று, அந்தக் காசில் அரிசி வாங்கி, அதே விறகின் மீதியில் அதை வடித்த பெண்கள் எத்தனை தலைமுறையினர் என்று சொல்ல முடியாது. கூரை வேய்வதற்கு மலைப்புல்லும் அப்படியே அரிந்து இறக்கப்பட்டது. புல் நன்கு தழைக்க வேண்டிக் கோடையில் வைத்த தீ, இளங்கன்றுகளையும் சேர்த்து எரித்தது.

1916-ல் ரமணரின் அன்னை அழகம்மாள் வந்து சேர்ந்து, ஸ்கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியபோது மலையிலேயே ஓர் அடுப்பு எரிந்தது. 1922-ல் அன்னையார் மறைந்தபின் அடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தது. அதன் சமையலறையில் ரமணரே விடியலுக்கு முன் காய் அரிந்தும் அரைத்தும் பல்லாண்டு உழைத்தார் என்பது அவரைப் பற்றி எழுதியோர் பலரும் பதிந்த செய்தி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் அடியார்களைப் பார்க்கிறவர்கள் பின்புலத்தையும் பார்க்க வேண்டும். பாறையும் புல்லுமாக மொட்டையாக நிற்கும் மலை அது.

1988-ல் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தோன்றியது. இங்கு வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி அபீதா அருணகிரியின் வேண்டுகோளுக்கு இணங்கி, அந்நாட்டுச் சூழலியலாளர் ஜான் சீட் அதற்கு உதவி திரட்டினார். நாற்றங்கால், ஆடு மாடு புகாத வேலி, தீத் தடுப்புப் பாதைகள், கோடையில் தீக்காவல் என அப்பணி நடந்தது. பின்னர் வேறு அமைப்புகளும் வனத்துறையும் தொடர்ந்தன. இன்று தென்சரிவில் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுகிறவர் நிழலில் ஏறுகிறார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மலை மொட்டையான கதை சொல்லப்படும்போதெல்லாம் ஆடு மேய்ப்பவரும் விறகு வெட்டியுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறார்கள். கட்டைத் தலையில் சுமந்தவள் அதைத் தன் வீட்டில் எரித்ததைவிட விற்றதே மிகுதி. வாங்கியவை உணவு விடுதிகளும் சத்திரங்களும் எங்களைப் போன்றோரின் வீடுகளும்தான். மலையைத் தின்ற அடுப்புகளில் பல, மலையைக் கும்பிட்டவர்களுக்காகவே எரிந்தன.

காடு மூடப்பட்டபின், வெட்டாத எரிபொருளை நோக்கி ஊர் திரும்பியது. வேலிகாத்தான் என்று இப்பக்கம் சொல்லப்படும் சீமைக் கருவேலம் 1870களில் சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்த மரம். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பரவி ஏழைகளின் விறகாயிற்று. அதைவிட இவ்வட்டாரத்துக்குச் சிறப்பானது மல்லாட்டைத் தோல். மணிலாக் கொட்டை என்பது மருவி மல்லாட்டையான நிலக்கடலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தென்னார்க்காட்டு மானாவாரி நிலங்களை நிறைத்தது. புதுச்சேரி வழியாக மார்சேய் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகப் போனது. பயிர் கடல் கடந்தது, தோல் உள்ளூரில் தங்கியது. காய் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கோ சற்று மேலோ தோல்தான். தோலுரிக்கும் ஆலைகளின் பின்புறம் அது குன்றாய்க் குவிந்தது. ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளிலோ உமிக் குன்றுகள். செங்கல் சூளைக்காரரும் வெல்லம் காய்ச்சுவோரும் அள்ளியது போக, மிச்சம் வீட்டடுப்புக்கு வந்தது.

இவற்றின் பெருங்குறை இடம். கனமீட்டர் ஒன்றில் உமி 100 கிலோ அளவில்தான் கொள்ளும், மல்லாட்டைத் தோல் அதைவிடச் சற்று மேல். ஒரு மாதச் சமையலுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்தால் குடிசையில் மனிதருக்கு இடமிராது. வெளியே வைத்தால் காற்று கொண்டுபோகும்; மழை பெய்தால் புளித்து நாறும். மரத்தூள் அடுப்பை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர் என நம்புகிறோம். அடியில் துளையிட்ட தகர டின்னின் நடுவே ஒரு கட்டையையோ புட்டியையோ நிறுத்தி, துளை வழியே இன்னொரு கட்டையைக் குறுக்கே செருகி, மரத்தூளைக் கையால் இறுக இறுக அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு இரண்டையும் திருகி உருவினால் நடுவில் புகைப்போக்கி போன்ற குழி நிற்கும். அழுத்தம் போதாவிட்டால் குழி சரிந்து நெருப்பு அணையும். அக்குழியைச் சரியாமல் உருவுவது ஒரு கைத்திறன். எங்களில் ஒருவர் பள்ளி நாள்களில் அதில் பெயர் பெற்றவர், மற்றொருவர் அடி வாங்கியவர். தளர்ந்த தூளை அழுத்தினால் அது விறகைப் போல நின்று எரியும் என்ற அறிவு இந்தத் தகர டின்னிலேயே இருந்தது.

அந்த அறிவை எந்திரத்தால் செய்வதே பெல்லட். தூளாக்கிய மரத்தையோ தோலையோ பெரும் அழுத்தத்தில் துளைத் தகட்டின் வழியே தள்ளினால், அச்சூட்டில் அதிலுள்ள லிக்னின் இளகிப் பசையாகிறது. சுண்டுவிரல் பருமனுள்ள துண்டுகள் வெளிவருகின்றன. கனமீட்டருக்கு 600 கிலோவும் அதற்கு மேலும் கொள்ளும். உமிக்கு வேண்டிய இடத்தில் ஆறில் ஒரு பங்கு போதும். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வட அமெரிக்காவிலும், பிறகு சுவீடன், ஆஸ்திரியா முதலிய நாடுகளிலும் வீட்டைச் சூடேற்றும் அடுப்புகளுக்கு இது பரவியது. அங்கே நிலவறையில் இதற்கென ஓர் அறையே கட்டுகிறார்கள். அந்த அறைக்கும் ஓர் அபாயம் உண்டு. குவித்து வைத்த பெல்லட் மெல்லக் காற்றோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடை வெளியிடும். மணமும் நிறமும் இல்லாத அவ்வாயு மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், சாகா ஸ்ப்ரே என்ற கப்பலின் பெல்லட் அறைக்கு இறங்கும் படிக்கட்டு வழியில் ஒரு மாலுமி இப்படித்தான் இறந்தார். நம் மூதாட்டியின் தேள் எவ்வளவோ மேல். அது கண்ணுக்காவது தெரியும்.

அதே 2006-ல்தான் பெல்லட் அடுப்பு தமிழ்நாட்டுச் சமையலறைக்கும் வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தாவின் குழு வடிவமைத்த அடுப்பை, பிரித்தானிய எண்ணெய் நிறுவனமான பி.பி. 'ஊர்ஜா' என்ற பெயரில் தமிழகம், கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் விற்றது. மின்கலத்தில் சுழலும் சிறு விசிறி அடியிலிருந்து காற்றை ஊதும். மேலே பற்றவைத்த நெருப்பு கீழ்நோக்கி இறங்கும். பெல்லட்டிலிருந்து எழும் வாயு மேல்துளைகளின் காற்றோடு சேர்ந்து நீலம் கலந்து எரியும். ஏறக்குறைய 600 கிராம் நிரப்பினால் ஒரு மணி நேரச் சமையல். விறகிலிருந்து வாயு எடுக்கும் இந்த முறை நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுக் கலனை முதுகில் சுமந்தோடிய பேருந்துகளை முதியோர் அறிவர். அத்தகைய கலன்களை மதுரை டி.வி.எஸ். நிறுவனம் செய்து விற்றது. போர் முடிந்ததும் அது மறக்கப்பட்டது.

ஊர்ஜாவில் புகை மிகக் குறைவு. சில ஆண்டுகளிலேயே சுமார் நான்கு இலட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு சரிந்தது. 2009-ல் பி.பி. விலகி, புனேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்திடம் பொறுப்பு போயிற்று. காரணம் பலர் பலவாறு கூறுவர். எங்களுக்குப் பட்டது இரண்டு. பெல்லட் ஆனதும் மல்லாட்டைத் தோல் ஒரு சரக்காகிவிட்டது. குப்பையாகக் கிடந்தவரை அது ஏழையின் அடுப்புக்கு வந்தது. விலை பெற்றதும் கொதிகலன் வைத்திருந்த ஆலைகள் கூடுதல் விலை கொடுத்து எடுத்துக்கொண்டன. வீட்டுக்காரரின் பை விலை ஏறியது. மற்றது, பழைய கதையே. பெல்லட் நீருக்கு அடங்காது. மரக்கட்டை நனைந்தால் காயும். பெல்லட் நனைந்தால் உப்பி உதிர்ந்து, எந்திரம் எந்தத் தூளிலிருந்து அதைச் செய்ததோ அந்தத் தூளாகவே மாறிவிடும், மறுபடி பெல்லட் ஆகாது. வறட்டியைப் பற்றி மூதாட்டி சொன்னது இதற்கும் பொருந்தும். ஒழுகும் கூரையின் கீழ் ஒரு பை பெல்லட்டை ஐப்பசி முழுதும் காப்பது எளிதன்று. ஒரு பையாக வாங்கப் பணமும் வேண்டும், வைக்க நனையாத மூலையும் வேண்டும்.

இந்நிலையில்தான் எரிவாயு உருளை வந்தது. தமிழக அரசு 2007 சனவரியில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. உருளையின் வெற்றிக்குப் புகையின்மையையும் விரைவையும் காரணமாகச் சொல்வார்கள். மண்ணெண்ணெய் டின்னைப் போலவே அது தன் கிடங்கைத் தானே சுமந்து வந்தது என்பதையும் நாங்கள் சேர்த்துச் சொல்வோம். 14.2 கிலோ எரிபொருள், மழையில் வைத்தாலும் நனையாது, கறையான் தின்னாது, பரண் கேட்காது. தொழுவமுள்ள வீட்டுக்கும் தொழுவமற்ற வீட்டுக்கும் இடையில் விறகுக் காலம் போட்ட கோட்டை அந்த இரும்பு உருளை பெருமளவு அழித்தது. முழுதும் அழிக்கவில்லை. தீர்ந்ததும் மறுஉருளைக்கு ஒரே தவணையில் பணம் புரட்ட வேண்டியிருக்கிறதே. வண்டி விறகு வாங்க முடியாமல் தலைக்கட்டு வாங்கியவரின் பேத்தி, உருளை தீர்ந்த வாரத்தில் மீண்டும் சுள்ளி பொறுக்கப் போகிறாள்.

மல்லாட்டைத் தோலோ வெகுதூரம் போய்விட்டது. 2021-ல் மத்திய மின் அமைச்சகம் அனல் மின்நிலையங்களில் நிலக்கரியோடு வேளாண் கழிவு பெல்லட்டை 5 சதவீத அளவில் கலந்து எரிக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. வயலிலேயே வீணாய் எரிவதைவிட இது நல்லதே என்பதில் ஐயமில்லை. ஆலைகள் பெரிய கொட்டகை போடுகின்றன, தார்ப்பாய் விரிக்கின்றன, ஈரமானியால் அளந்து வரம்புக்கு மேல் ஈரமிருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புகின்றன. கல் பரப்பி, சுவரை விட்டு விலக்கி அடுக்கிய அந்தத் தொழுவத்தின் விதிகள்தாம் இவையும்.

சென்ற முறை போனபோது தீபம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது, உச்சியில் சுடர் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. மலையின் மேற்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு குடியிருப்பில் மழைக்கு ஒதுங்கினோம். குடிசையின் பக்கச் சுவரை ஒட்டி, நான்கு செங்கல் மேல் வேலிகாத்தான் கட்டைகள் முழ உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. மேலே பக்தர்களை வரவேற்கும் பெரிய பதாகை ஒன்று போர்த்தப்பட்டு, நாலு மூலையிலும் கல் ஏற்றப்பட்டிருந்தது. வீட்டுப் பெண்மணியிடம் கேஸ் இல்லையா என்று கேட்டோம். "இருக்குதுங்க. அது கார்த்திகைக்குத் தீந்துபோச்சி" என்றவர், பதாகையின் ஒரு முனையைத் தூக்கி, உள்ளே கை விடாமல் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, அடியிலிருந்து இரண்டு கட்டைகளை உருவி எடுத்துக்கொண்டு போனார்.